உண்டியல் ஏந்துமுன்

வடலூரில் 1867-ஆம் ஆண்டு வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றளவும் அணையாதிருக்க, அதற்குச் சில கல் தொலைவில், பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுக்க 1956-இல் நிறுவப்பட்ட நிறுவனத்தைச் சுற்றி எழுந்த நெய்வேலி நகரியத்தில், பிறர் துன்பம் கண்டு இரங்கிக் கொடுக்கும் சுபாவம் குன்றிவிட்டது என்று யாரும் சொல்லிவிட முடியாது. மெயின் பஜாரின் தேநீர்க் கடையிலோ, ஷிப்டு மாறும் வேளையில் சுரங்க வாயிலிலோ, ஒரு சிறுவனின் புகைப்படமும், மருத்துவமனை கொடுத்த செலவு மதிப்பீட்டின் மங்கிய நகலும், அதன் கீழே பேனாவால் எழுதிய ஜிபே எண்ணும் ஒட்டப்பட்ட தகர உண்டியல் வைக்கப்பட்டால், அதில் நூறு ரூபாயேனும் போடாமல் நகர்கிற தொழிலாளி அபூர்வம். ஆகவே என் குறை கொடுப்பவர் மீதன்று. கேட்கும் வரிசை பற்றியது. உரிமையாக வரவேண்டியது அரசாங்க அலுவலகத்தில் கேட்பாரற்றுக் கிடக்க, தயவாக வருவதை முதலில் திரட்டி, அதனையும் அறுவை சிகிச்சையோடு தீர்த்துவிட்டு, பின்னர் மாதந்தோறும் மாத்திரைக்கு வழியின்றித் திகைக்கிற குடும்பங்களைக் குறித்தே இக்கட்டுரை.

நிறுவனத்தின் நிரந்தரத் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் நிறுவன மருத்துவ ஏற்பாடு உண்டு. அதே சுரங்கத்தில், அதே வெயிலில் உழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை வேறு; தம் பெயரில் என்ன பாதுகாப்பு இருக்கிறது என்பதே அவர்களிற் பலருக்குத் தெரியாது என்பது வருந்தத்தக்க விஷயம். அவர் முதலிற் செய்யவேண்டியது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தம் குடும்பம் சேர்ந்திருக்கிறதா என்று விசாரித்தறிவதாகும். 2022-இல் புதுப்பிக்கப்பட்டபோது, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்று வகுக்கப்பட்ட இத்திட்டத்தில், சிறுநீரகம், கல்லீரல், இதயம் முதலிய மாற்று சிகிச்சைகளும் அடங்கும். 5 லட்சத்துக்கு மேற்படும் பெருஞ்செலவுச் சிகிச்சைகளுக்கென்று தனி நிதித் தொகுப்பும் உண்டு. குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் கொண்டு கடலூர் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்தை அணுகலாம். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம்.

வருமான வரம்பைச் சற்றே தாண்டியவர்க்குப் பிரதமரின் தேசிய நிவாரண நிதியும் முதலமைச்சரின் பொது நிவாரண நிதியும் எஞ்சுகின்றன. இவற்றுள் பிரதமர் நிதிக்கு விண்ணப்பிப்போர், ஏற்கெனவே செலவழித்த பணத்தை அது திருப்பித் தருவதில்லை என்பதை மறவாமல், அறுவைக்கு முன்பே மனுவை அனுப்பிவிட வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினரின் பரிந்துரைக்காக நாட்களை எண்ணிக் காத்திருந்து, அந்த அவகாசத்தைத் தவறவிடுவதும் நடக்கிறது. தனியார் மருத்துவமனையின் மதிப்பீட்டுத் தாளைக் கண்டு கலங்குமுன், அரசு மருத்துவமனைகளிலும், 2012 முதல் சிறுநீரக மாற்று நடந்துவரும் அண்டையிலுள்ள புதுச்சேரி ஜிப்மரிலும் கேட்டுப் பார்ப்பது அவசியம்.

இனிச் சட்டம். சென்னை வில்லிவாக்கத்தில் ஏழைகள் கடனுக்காகச் சிறுநீரகம் விற்ற அவலம் நாடறிந்த அக்காலத்தில், 1994-இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் 2025-இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளரிடையே அதே வியாபாரம் நடந்ததாக எழுந்த புகார், உயர்நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கும் அளவுக்குச் சென்றது. 2011-இன் திருத்தத்துக்குப் பின், உறுப்புக்கு விலை கொடுப்பதும் வாங்குவதும் தரகு செய்வதும் 5 முதல் 10 ஆண்டு சிறைக்கும், 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றங்களாகும். ஊரார் மனமிரங்கித் தந்த பணமாயினும், அதில் ஒரு பங்கு உறுப்புக்கு விலையாகப் போனால், திரட்டியவரும் வழக்கிற் சிக்க நேரும். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் மனைவி, பாட்டன் பாட்டி, பேரன் பேத்தி ஆகிய நெருங்கிய உறவினர் அல்லாத ஒருவர் உறுப்பளிக்க முன்வந்தால், அங்கீகாரக் குழுவின் விசாரணையும் அனுமதியும் இன்றி அது நிகழக் கூடாது.

ஒரு நுட்பத்தை மட்டும் பலர் அறியார். உறுப்பளிப்பவர் அதன் பொருட்டு மேற்கொண்ட நியாயமான செலவையும், வேலைக்குப் போகாமையால் இழந்த கூலியையும் ஈடுசெய்வதை இச்சட்டம் விலையாகக் கருதுவதில்லை. தம்பிக்குச் சிறுநீரகம் தரும் அண்ணன் தினக்கூலிக்காரராயின், அவர் ஓய்ந்திருக்கும் வாரங்களின் கூலியை நிதியிலிருந்து, ரசீதோடும் கணக்கோடும், கூசாமல் கொடுக்கலாம். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்கோ விலையே கிடையாது. மருத்துவமனை வழியாகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியலிற் பதிந்து வரிசைக்குக் காத்திருப்பதொன்றே வழி. அவ்வரிசையை முன்னகர்த்தித் தருவதாகப் பணம் கேட்பவன் எவனாயினும் மோசக்காரன்.

திரட்டும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதிப்பீட்டுத் தாளில் நோயாளியின் மருத்துவமனை எண்ணும், தேதியும், மருத்துவரின் கையொப்பமும், மருத்துவமனையின் வங்கிக் கணக்கும் தெளிவாகத் தெரிய வேண்டும். கொடுப்பவர் அந்த எண்ணைச் சொல்லி மருத்துவமனைக்கே தொலைபேசியில் விசாரித்து, இயன்றால் பணத்தையும் அங்கேயே செலுத்துவது உத்தமம். ஏனெனில் உண்மையான குழந்தையின் படத்தை எடுத்துப் பொய்யான எண்ணை ஒட்டிப் பரப்புகிற பாதகரும் இருக்கின்றனர். அவ்விதம் ஏமாந்தோர் தாமதியாமல் 1930-ஐ அழைத்தால், பணம் கைமாறிப் போகுமுன் தடுக்க வாய்ப்புண்டு. மிலாப், கெட்டோ போன்ற இணையத் தளங்கள் வழியே திரட்டுவோர் அவற்றின் கட்டண விதிகளை முன்பே படித்தறிவதும், கொடுப்போர் தளத்துக்கென்று ஏதேனும் தொகை சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் நலம். தனி மனிதருக்குத் தரும் உபகாரத்துக்கு வருமான வரிச் சலுகை கிடையாது; பதிவுபெற்ற அறக்கட்டளை வழியே தந்தாலும், ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் அச்சலுகை இல்லை. நோயாளி பிழைக்காமற் போனால் மிச்சப் பணம் யாரைச் சேரும் என்பதைத் திரட்டத் தொடங்கும் நாளிலேயே எழுதிக் கையொப்பமிட்டு வைப்பது கடுமையாகத் தோன்றலாம். எழுதாமல் விட்டதனால் துக்க வீட்டிலேயே மூளும் சண்டை அதனினும் கடுமையானது.

எல்லாவற்றிலும் அதிகமாக மறக்கப்படுவது, அறுவைக்குப் பின்வரும் காலமே. புதிய உறுப்பை உடல் அந்நியமெனத் தள்ளிவிடாதிருக்க, டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட் போன்ற மருந்துகளை, அவ்வுறுப்பு உழைக்கும் காலமெல்லாம் வேளை தவறாது உட்கொள்ள வேண்டும். பணமின்மையால் சில நாட்கள் நிறுத்தினாலும், பெரும்பாடுபட்டுப் பெற்ற உறுப்பு பாழாகலாம். ஆனால் சிகிச்சை முடிந்து சிரித்த முகத்துடன் வீடு திரும்பியவருக்கு மாத்திரை வாங்க வேண்டுமென்று யார் உண்டியல் வைக்கிறார்கள்? அரசு மருத்துவமனையில் மாற்று சிகிச்சை பெற்றவர்க்கு இம்மருந்துகள் அங்கேயே இலவசமாகக் கிடைக்கின்றன. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர்க்கு மத்திய அரசின் தேசிய உறுப்பு மாற்றுத் திட்டத்தில் மாதம் 10,000 ரூபாய் வரை மருந்துச் செலவுக்கு உதவியுண்டு. மருத்துவமனையின் மாற்று சிகிச்சை ஒருங்கிணைப்பாளரிடம் வீடு திரும்புமுன்பே இதைக் கேட்க வேண்டும். இவ்விரண்டுக்கும் வெளியே நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் குடும்பத்துக்காகத் திரட்டுவோர், திரண்டதில் ஒரு பகுதியை மருந்துக்கும், பரிசோதனைக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணத்துக்குமாகத் தனியே வங்கியிற் போட்டுவைத்து, நகரியத்தின் குடியிருப்பு வட்டத்துக்கு வட்டம் நண்பர்கள் பத்துப் பேர் சம்பள நாளன்று ஒரு சிறு தொகையை ஓராண்டுக்கேனும் அக்கணக்கிற் செலுத்திவர ஏற்பாடு செய்தல் வேண்டும்.