சாவி யார் கையில்?

பூட்டு எவ்வளவு கனம் என்று தட்டிப் பார்த்து வாங்கும் நாம், இணையத்தில் மட்டும் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்பதில்லை. கட்சிக்காரரின் ஆவணங்களை வழக்கறிஞர் கிளவுடில் ஏற்றும்போது அவை பெரும்பாலும் சங்கேதமாக்கப்பட்டே இருக்கும். ஆனால் சாவியும் அந்தக் கிளவுட் நிறுவனத்திடமே இருந்தால், ஊடுருவியவரோ உத்தரவோடு வரும் அரசோ திறந்துவிடலாம். வாட்ஸ்அப் 2016-லேயே, அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் படிக்கும்படி எல்லாச் செய்திகளையும் பூட்டியது. கூகுள் டிரைவுக்கும் ஐகிளவுடுக்கும் போகும் பேக்கப்புக்கு அந்தப் பூட்டு 2021-இல்தான் வந்தது. அதுவும் நாமே போய் இயக்கினால்தான். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக்கதவை ஐந்தாண்டு திறந்து வைத்த கதை.

குற்றவாளிகளைப் பிடிக்க அரசிடம் ஒரு மாற்றுச்சாவி இருக்கட்டுமே என்பார்கள். நியாயமான கவலைதான், ஆனால் மாற்றுச்சாவிக்கு ஆள் தெரியாது. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களில் நீதிமன்ற உத்தரவின் பேரில் ஒட்டுக்கேட்பதற்கென்றே இருந்த அமைப்புகளுக்குள் ஊடுருவிகள் புகுந்தது 2024-இல் வெளிவந்தது. இதற்குச் சீனாவைக் கைகாட்டிய அமெரிக்க அதிகாரிகளே, அந்த டிசம்பரில், சங்கேதச் செயலிகளில் பேசுங்கள் என்று மக்களிடம் சொல்ல வேண்டியதாயிற்று. சரி, சாவி நம்மிடமே இருந்து தொலைந்துபோனால்? தகவலும் போய்விடும். இந்த மறுப்புக்குத்தான் வலு அதிகம், ஆனால் இதற்கும் வழி உண்டு. வாட்ஸ்அப் பேக்கப்புக்குக் கடவுச்சொல்லுக்குப் பதிலாக 64 இலக்கச் சாவியையும் வைத்துக்கொள்ளலாம். அதைத் தாளில் எழுதிப் பீரோவில் பூட்டுவது பழைய வழிதான், ஆனால் இணையம் வழியே எவருக்கும் எட்டாதது. இன்றே உங்கள் வாட்ஸ்அப்பில் சாட் பேக்கப் பகுதியைத் திறந்து, பூட்டு போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.