பிரேக் ஆயிலில் விளக்கெண்ணெயா?! ரோல்ஸ் ராய்ஸ் ரகசியங்கள் தெரியுமா?

ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ! 1965-ல் இங்கிலாந்தின் க்ரூ நகரத்தில் பிறந்தது. 1980 வரை சுமார் 25,000 கார்கள் தயாராயின. அவற்றில் பல இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன! அவற்றை ஓட வைப்பது என்ன லேசான காரியமா? போனட்டைத் திறந்து பார்ப்போமா?

பிரேக்கிலிருந்தே தொடங்கலாம். மலைக்க வைக்கும் சமாசாரம் அங்கேதான் இருக்கிறது! எஞ்சின் ஓடும்போதே இரண்டு பம்புகள் பிரேக் ஆயிலை அழுத்தி அழுத்தி இரண்டு உருண்டைகளுக்குள் சேர்த்து வைக்கின்றன. உருண்டைக்குள் ஒரு சவ்வு. சவ்வுக்கு ஒரு பக்கம் ஆயில், மறுபக்கம் நைட்ரஜன் வாயு! உள்ளே இருக்கும் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? சதுர அங்குலத்துக்கு 2,500 பவுண்டு வரை! சாதாரண கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 30 பவுண்டுதான். அதைப்போல 80 மடங்குக்கும் மேல்! அழுத்தத்தை முழுசாக இறக்காமல் ஒரு குழாயைக் கழற்றினால் மெக்கானிக்கின் கை என்னாகும்? அதனால்தான் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் அழுத்தத்தை வடிப்பதே முதல் வேலை!

அந்த உருண்டைகள் நன்றாக இருக்கின்றனவா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? படு சுலபம்! எஞ்சினை ஓடவிட்டு நிறுத்த வேண்டும். சாவியை மட்டும் 'ஆன்' செய்துவிட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே எண்ண வேண்டும். நல்ல கார் என்றால் டஜன் கணக்கில் மிதித்த பிறகுதான் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும்! நாலைந்து மிதியிலேயே எரிந்தால்? உருண்டையில் நைட்ரஜன் தீர்ந்தது என்று அர்த்தம்! பழைய ஷேடோ வாங்கப் போகிறவர் எதை விட்டாலும் இந்தச் சோதனையை விடவே கூடாது.

இதே அழுத்தம்தான் காரின் உயரத்தையும் பார்த்துக்கொள்கிறது! டிக்கியில் பெட்டி படுக்கையை அடுக்குங்கள், பின் சீட்டில் மூன்று பேர் ஏறட்டும். தாழ்ந்த பின்பக்கம் தானாகவே மட்டத்துக்கு எழும்பிவிடும்! இந்த வித்தைக்கு ரோல்ஸ் ராய்ஸ் உரிமம் வாங்கியது யாரிடம் தெரியுமா? பிரான்ஸின் சிட்ரோயன் நிறுவனத்திடம்!

இதற்கு ஊற்றும் ஆயிலின் பெயர் ஆர்.ஆர்.363. அதில் என்ன கலந்திருக்கிறது தெரியுமா? நம் பாட்டி வைத்தியத்து விளக்கெண்ணெய்! ஆமாம், ஆமணக்கு எண்ணெயேதான்! பம்பு வழவழவென்று ஓட அந்த வழுவழுப்பு வேண்டுமாம்! ஆனால் 1980-ல் ஷேடோவுக்கு அடுத்து வந்த சில்வர் ஸ்பிரிட்டுக்கு இது ஆகவே ஆகாது. அதற்குப் பச்சை நிறக் கனிம எண்ணெய்தான்! மாற்றி ஊற்றினால்? ரப்பர் சீல்கள் எல்லாம் பாழ்! பம்பு, வால்வு, குழாய் என்று ஒன்று விடாமல் பிரித்து மேய வேண்டும். அந்தச் செலவு சில சமயம் கார் வாங்கிய விலையையே தாண்டிவிடும்! ஒரு பாட்டில் ஆயில் செய்யும் வேலையைப் பார்த்தீர்களா?

முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒரே டிஸ்க்கைக் கவ்விப் பிடிப்பவை இரண்டு காலிப்பர்கள்! ஒன்றுக்கு ஒரு பம்பு, மற்றதற்கு இன்னொரு பம்பு. அதனால் ஒரு பம்பு கைவிட்டாலும் மற்றது காப்பாற்றும். இரண்டு டன்னுக்கும் மேல் எடையுள்ள வண்டி ஆயிற்றே!

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் கியர் லீவர் உண்மையில் லீவரே இல்லை, தெரியுமா? அது வெறும் மின்சார ஸ்விட்ச்! விரலால் தட்டினால் போதும், கீழே ஒரு மோட்டார் சுழன்று கியரை மாற்றும்! அது மாற்றும் கியர்பாக்ஸோ, பிற்காலக் கார்கள் எல்லாவற்றிலும், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் தயாரிப்பு. காடிலாக் கார்களில் ஓடிய அதே ரகம்! இவ்வளவு நுணுக்கமான காரில் மெக்கானிக்குகள் நிம்மதியாகக் கை வைக்கும் பகுதி இதுதான்.

எஞ்சினின் குதிரைத்திறன் எவ்வளவு? அந்த நாளில் நிறுவனம் சொல்லவே சொல்லாது! "போதுமான அளவு" என்பதுதான் பதில் என்று கார் பிரியர்கள் இன்றும் சொல்லிச் சிலிர்க்கிறார்கள்!

கதவு, போனட், டிக்கி மூடி எல்லாம் அலுமினியம்! மற்ற உடம்பு இரும்பு. துரு தேடுகிறவர் சக்கர வளைவுகளையும் கதவுக்குக் கீழே உள்ள பகுதியையும்தான் முதலில் தட்டிப் பார்ப்பார். எஞ்சின் பிளாக்கும் அலுமினியமே. கூலன்ட்டைக் காலாகாலத்தில் மாற்றாமல் விட்டால் உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும்!

முகப்பில் கோயில் கோபுரம்போல் கம்பீரமாக நிற்கும் அந்த கிரில்லைக் கவனித்திருக்கிறீர்களா? நேர்கோடாகத் தெரிகிறதா? கிடையவே கிடையாது! கண்ணுக்கு நேராகத் தெரிவதற்காகவே லேசாக வளைத்திருக்கிறார்கள். ஏதென்ஸின் பார்த்தினான் தூண்களில் கிரேக்கச் சிற்பிகள் செய்த அதே தந்திரம்! அத்தனையும் கைவேலை! அப்படியென்றால் அதில் விழுந்த நசுக்கலை எடுக்கவும் எப்பேர்ப்பட்ட கைகாரர் வேண்டும்!

இன்னொரு விந்தை! இந்தக் காருக்கு ஓட்டத்தைவிட ஓய்வுதான் எதிரி! மாதக்கணக்கில் ஷெட்டில் நின்றால் பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், சீல்கள் காய்ந்து இறுகும், காலிப்பர்கள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். மூடிவைத்துப் பளபளவென்று துடைத்த காரைவிட, தினமும் ஓடிய கார் திடமாக இருக்கும்!

ஷேடோவுக்கு முந்தைய சில்வர் கிளவுட்டின் வி8 மாடலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற எங்கே கைவிட வேண்டும் தெரியுமா? போனட்டுக்குள் அல்ல, முன் சக்கரத்துப் பக்கம்! அங்கே ஒரு பலகையைக் கழற்றினால்தான் பிளக் கைக்கு எட்டும்! நல்லவேளை, ஷேடோவில் பிளக்குகள் மேலே ஏறிவிட்டன.

அந்த வி8 எஞ்சின் முதன்முதலில் வந்தது 1959-ல். அப்போது 6,230 சி.சி. 1970-ல் 6,750 சி.சி. ஆனது. அதன் வம்சம் எப்போது ஓய்ந்தது என்று நினைக்கிறீர்கள்? 1980? 1990? இல்லவே இல்லை! பென்ட்லி முல்சான் காருக்காக, அதே க்ரூ நகரத்தில், 2020 வரை தயாரித்தார்கள்! 61 வருஷம்!