ஓடுவது யார்?

ஒரகடத்து ஆலை ஒன்றில் கன்வேயர் பக்கத்தில் ஆங்கிலப் பலகை வைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெல்ட் ஓடும்போது கை வைக்கக் கூடாது என்பதுதான் செய்தி. நம்மில் பலர் எடுத்த எடுப்பில் எழுதுவது: ‘வைல் ரன்னிங், டோன்ட் டச் தி பெல்ட்.’ ஆங்கில இலக்கணப்படி இதன் பொருள், ‘நீ ஓடும்போது பெல்ட்டைத் தொடாதே.’

‘வைல்’, ‘வென்’ போன்ற இணைப்புச் சொல்லை அடுத்து ‘இங்’ வடிவம் நேரே வந்தால், அங்கே எழுவாய் மறைந்திருக்கிறது. பின்னால் வரும் முதன்மை வாக்கியத்தின் எழுவாயே அதற்கும் எழுவாய். கட்டளை வாக்கியத்தில் அது ‘நீ’. ஆகவே ‘வைல் தி பெல்ட் இஸ் ரன்னிங்’ என்று பெல்ட்டை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

தமிழ்க் காதுக்கு இந்தப் பிழை உறைக்காததற்கு நம் இலக்கணத்திலேயே காரணம் இருக்கிறது. செய்து, செய்யூ, செய்பு என்னும் மூன்று வினையெச்சங்களும் அதே வினைமுதலின் வினையைக் கொண்டே முடியும் என்கிறது தொல்காப்பிய வினையியல். ‘பெல்ட் ஓடி நான் தொட்டேன்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘போது’வுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, ‘மழை பெய்யும்போது குடை பிடி’ என்றால் பெய்வது ஒன்று, பிடிப்பது வேறொருவர். ஆங்கிலத்தின் ‘வைல் ரன்னிங்’ பொருளில் நம் ‘ஓடும்போது’ மாதிரி. குணத்தில் ‘ஓடி’ மாதிரி. இது பிடிபட்டால் பாதிப் பிழைகள் தாமே விலகும்.

‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ இரண்டுக்கும் இதே விதிதான். ஆனால் ‘பிகாஸ்’ ‘இங்’ வடிவத்தோடு இப்படி ஒட்டாது.

எனக்குக் கவலை தருவது ‘ஆஃப்டர் ஸ்டாப்பிங், ஓபன் தி கார்டு’ போன்ற வரி. எழுதியவர் நினைத்தது, இயந்திரம் நின்ற பிறகு. வரி சொல்வது, நீ நிறுத்திய பிறகு. பவர் பிரஸ்ஸில் மோட்டாரை அணைத்த பின்னும் ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டிருக்கும். பட்டனை அழுத்திய கை அடுத்த நொடியே பாதுகாப்பு மூடிக்கு, அதாவது ‘கார்டு’க்கு, போகலாம்.

இந்த வரிகளைப் படிப்பவர்கள் யார்? இருங்காட்டுக்கோட்டையில் கொரிய ஹூண்டாய், ஒரகடத்தில் பிரெஞ்சு ரெனோவும் ஜெர்மானிய டெய்ம்லரும். லைனில் தமிழரோடு ஒடியாவும் இந்தியும் பேசுவோர். இவர்களில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. இப்படிப்பட்ட வாசகர்களை எண்ணித்தான் ஐரோப்பிய விமானத் துறை 1980களில் பராமரிப்புக் கையேடுகளுக்கு எளிய ஆங்கில விதிகளை வகுத்தது. அதில் ‘இங்’ வடிவத்தை வினையாக எழுதவே தடை. வல்லம் வடகாலில் விமான, விண்வெளித் தொழில் பூங்கா இருப்பதால், இந்த விதி இந்தப் பகுதிக்கு அந்நியமும் அல்ல. அதன்படி எழுதினால் ‘ஆஃப்டர் ஸ்டாப்பிங்’ என்ற அந்த ஒரு வரி மூன்றாகும்: இயந்திரத்தை நிறுத்து. ஃப்ளைவீல் நிற்கும்வரை காத்திரு. பிறகு மூடியைத் திற.