தேயிலைக்கு ஏன் முன்பேரச் சந்தை இல்லை?

கேமரன் மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். அம்மலையில் பறிக்கப்படும் கொழுந்து அங்குள்ள ஆலையிலேயே தூளாகி, பெரும்பாலும் நம் நாட்டுக் கடைகளுக்கே வந்து சேர்கிறது. ரப்பரின் கதை வேறு. கோப்பையில் வடியும் பால் எங்கோ ஒரு நாட்டில் மோட்டார் வண்டியின் சக்கரமாகிறது. அதன் விலையும் உலகச் சந்தையிலேயே முடிவாகிறது. அவ்விலையோடு கூலியும் ஏறி இறங்கிய ஒப்பந்தங்களைத் தோட்டத்து முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

விலையின் இந்த ஆட்டத்தைத் தாங்குவதற்கு ஏற்பட்டதே முன்பேரச் சந்தை. பின்னால் கைமாறவிருக்கும் சரக்குக்கு இன்றே விலை பேசி முடிப்பது முன்பேரம். செம்பனை ஆலையொன்று மூன்று மாதங்களுக்குப் பின் விற்கும் எண்ணெய்க்கு டன்னுக்கு 4,000 ரிங்கிட் என இன்றே ஒப்பந்தம் செய்வதாகக் கொள்வோம். விலை 3,600 ரிங்கிட்டுக்கு வீழ்ந்தால், சரக்கில் இழக்கும் 400 ரிங்கிட்டை ஒப்பந்தம் ஈடு செய்யும். 4,400 ரிங்கிட்டுக்கு ஏறினாலோ அந்த ஆதாயம் ஆலைக்குக் கிட்டாது. ஆக, இச்சந்தை விலையை உயர்த்துவதில்லை, அச்சத்தைக் குறைக்கிறது. அச்சம் குறைந்தால் வங்கி கடன் தரத் துணியும்; மறுநடவுக்கும் திட்டமிடலாம். ஒன்றிரண்டு விளைபொருள்களை நம்பியிருக்கும் வளரும் நாடுகளுக்கு இது சிறிய உதவியன்று.

நம் நாட்டில் 1980இல் கோலாலம்பூர்ப் பண்டச் சந்தை செம்பனை எண்ணெய் முன்பேரத்தைத் தொடங்கியது. 1984இல் ஒப்பந்தக்காரர் சிலர் கடப்பாட்டை நிறைவேற்றத் தவறவே, சந்தை நிலைகுலைந்தது. விதிகள் இறுக்கப்பட்ட பின்னரே அது மீண்டெழுந்தது. இன்று அவ்வணிகம் புர்சா மலேசியாவில் நடைபெறுகிறது. உலகச் செம்பனை எண்ணெய் வணிகர்கள் அவ்விலையையே அளவுகோலாகக் கொள்கின்றனர். ரப்பருக்குக் கோலாலம்பூரில் எடுக்கப்பட்ட முயற்சி வேரூன்றவில்லை. சிங்கப்பூர், ஷாங்காய், ஒசாகா சந்தைகள் முந்திக்கொண்டன.

முன்பேரத்துக்குச் சரக்கு ஒரே தரமாக இருத்தல் வேண்டும். பார்க்காமலே வாங்கலாம் என்னும் உறுதி வேண்டும். ரப்பருக்கு அவ்வுறுதியைத் தந்தது, 1965இல் நம் நாடு வகுத்த எஸ்.எம்.ஆர். தரமுறை. அதற்கு முன் ஷீட்டைக் கண்ணால் பார்த்தே தரம் பிரித்தனர். புதிய முறையிலோ ஆய்வுக்கூடம் அழுக்கு முதலியவற்றைச் சோதித்துத் தரம் குறிக்கிறது. கட்டிப்பாலில் மண்ணும் பட்டையும் சேரக்கூடாதென்று கிராணி கடிந்துகொள்வது வீண் கண்டிப்பன்று.

தேயிலையை இவ்வாறு எண்ணில் அடைக்க இயலவில்லை. மேல்சரிவின் இலைக்கு ஒரு மணம், கீழ்ச்சரிவின் இலைக்கு வேறொரு மணம். மழைக்காலக் கொழுந்தின் சுவையே தனி. ஆகவேதான் கொழும்பிலும் குன்னூரிலும் தேயிலை இன்றும் ஏலத்தில் விற்கப்படுகிறது. தேர்ந்தவர்கள் தேநீரை உறிஞ்சிச் சுவைத்துத் தரம் சொல்கின்றனர். அதன் பின்னரே விலை கேட்கப்படுகிறது. விலை சரிந்தால் அந்நாட்டுத் தோட்டங்களுக்கு முன்பேரம் என்னும் கேடயம் இல்லை. கேமரன் மலைத் தோட்டங்கள் தம் தூளைத் தம் பெயரிலேயே பொட்டலமிட்டு உள்நாட்டில் விற்பதால் ஓரளவு தப்புகின்றன.

செம்பனை எண்ணெய் முன்பேர ஒப்பந்தம் ஒன்றின் அளவு 25 டன். சிறுதோட்டக்காரர் தனியே நுழையத்தக்க இடமன்று அது. பெரிய தோட்டம் அங்கே பெறும் பாதுகாப்பும் தொழிலாளியின் சம்பளத்தில் தானாக வந்து இறங்குவதில்லை. அதற்கு வேறு ஏற்பாடுகள் தேவைப்பட்டன. ஒன்று, தொழிற்சங்கம் முதலாளிமாரோடு பேசி முடிக்கும் கூட்டு ஒப்பந்தம். மற்றொன்று, 2013இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம். அது 2025 பிப்ரவரியில் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது; ரப்பர் விலை சரிந்தாலும் அத்தொகை குறைவதில்லை.