கல்லுக்கு ஒரு புள்ளிக் கோலம்!

திருச்சியிலிருந்து மதுரை போகிற சாலையில், விராலிமலையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது கொடும்பாளூர். இருக்குவேளிர் மரபில் வந்த பூதி விக்கிரமகேசரி, தம் பெயராலும் கற்றளி, வரகுணை என்ற தம் தேவியர் பெயராலும் எழுப்பிய மூவர் கோயில் இங்கேதான். வயது ஆயிரத்துக்கும் மேல்!

“மூணு கோயில்னு சொன்னீங்களே அண்ணி, ரெண்டுதானே நிக்குது?” என்றாள் கூட வந்த என் நாத்தனார்.

வாஸ்தவம்தான். நடுக் கோயிலும் தெற்குக் கோயிலும் நிற்கின்றன. வடக்கே அடித்தளம் மட்டுமே. அதன்மேல் எந்தச் சிற்பம் எங்கே இருந்தது, உளி எவ்வளவு ஆழம் இறங்கியிருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

நிற்கிற இரண்டையாவது அளந்து வைக்கலாமே? சுவரை டேப் வைத்து அளக்கலாம். சிவபெருமானின் ஜடாமுடியை எப்படி அளப்பது? இதற்குத்தான் லேசர் ஸ்கேனர் இருக்கிறது.

பெரிய விஞ்ஞானம் என்று மிரள வேண்டாம். ஜன்னல் கம்பியின் நிழல் சுவரில் நேராக விழும். அதுவே தலையணை மேல் விழுந்தால் வளையும், இல்லையா? எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அந்த வளைவே காட்டிக் கொடுத்துவிடும். கருவி ஒரு மெல்லிய ஒளிக்கோட்டைச் சிலைமேல் பாய்ச்சுகிறது. பக்கவாட்டிலிருந்து காமிரா அதைப் பார்க்கிறது. கோடு வளைகிற அளவை வைத்து, கம்ப்யூட்டர் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு புள்ளி வைக்கிறது. புள்ளிகளைச் சேர்த்தால் உருவம் வந்துவிடும். நம் வாசல் கோலமேதான்!

முழுக் கோயிலென்றால் வேறு வழி. ஒளி சுவரில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துத் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒரே இடத்தில் நின்றால் மறைவிடங்கள் விட்டுப் போகும். பல இடங்களில் கருவியை வைத்துச் சேர்க்க வேண்டும். பளபளக்கும் பித்தளையும், எண்ணெய் பூசிய கறுத்த கல்லும் கொஞ்சம் அடம் பிடிக்கும்.

“அளந்து என்ன பிரயோஜனம்?” என்கிறீர்களா? பாரிஸின் நோத்ர தாம் தேவாலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்ற பேராசிரியர் 2010-ல் இப்படி அளந்தார். நூறு கோடிக்கும் மேல் புள்ளிகள்! 2019 ஏப்ரலில் அங்கே தீப்பிடித்துக் கூரை சரிந்தது. மீண்டும் கட்டியவர்களுக்குக் கைகொடுத்த அளவுகளில் அவருடையதும் உண்டு. 2024 டிசம்பரில் தேவாலயம் திறந்தது. கொடும்பாளூரின் மூன்றாவது கோயிலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஒளியால் அளக்கிற வித்தை நம் வாய்க்குள்ளும் வந்தாயிற்று. 1985-லேயே சூரிச்சில் வெர்னர் மோர்மன் என்ற பல் மருத்துவர், பல்லைக் காமிராவால் அளந்து, அடைப்பைக் கருவியால் கடைந்து பொருத்தினார். இன்று பல இடங்களில் பல்லுக்கு உறை போடக் குமட்டும் பசை அச்சு தேவையில்லை.

வீட்டில் பாட்டியின் மரப்பாச்சியோ, தேய்ந்த உரலோ இருக்கிறதா? பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து, நல்ல வெளிச்சத்தில், சுற்றிச் சுற்றி மொபைலில் ஐம்பது அறுபது படம் எடுங்கள். ஒரு படத்தில் விழுந்த பாகம் அடுத்ததிலும் பெரும்பாலும் விழ வேண்டும். அந்தப் படங்களிலிருந்தே உருவத்தைக் கோத்துத் தரும் செயலிகள் இருக்கின்றன. பொருள் கையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.