புற்றுநோய் சிகிச்சையில் இசை: எதற்கு உதவும், எதற்கு உதவாது?

புதுடெல்லி: இந்தியாவில் ஆண்டுதோறும் 14 லட்சத்துக்கும் அதிகமானோருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. அவர்களில் பலர் அறுவைச் சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு என மாதக்கணக்கில் நீளும் சிகிச்சையைக் கடந்துவர வேண்டியுள்ளது. நோயின் வேதனையோடு, அடுத்த ஊசி, அடுத்த பரிசோதனை முடிவு, அடுத்த சுற்று மருந்து ஆகியவற்றைக் குறித்த அச்சமும் சேர்ந்துகொள்கிறது. இந்த அச்சத்தையும் உறக்கமின்மையையும் களைப்பையும் மருந்துகளால் மட்டும் முழுமையாகத் தணித்துவிட முடிவதில்லை.

இந்த இடைவெளியை நிரப்பும் துணைச் சிகிச்சைகளுள் ஒன்றாக இசை சிகிச்சை கருதப்படுகிறது. அதே வேளையில், ‘இசை நோயையே குணமாக்கும்’ என்ற கூற்றுகளும் சமூக ஊடகங்களில் பரவி வருகின்றன. அறிவியல் எதை ஏற்கிறது, எதை ஏற்கவில்லை என்பதை நோயாளிகளும் குடும்பத்தினரும் பிரித்தறிவது அவசியமாகிறது.

இசை சிகிச்சை என்றால் என்ன?

இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த வீரர்களுக்காக அமெரிக்க மருத்துவமனைகளில் இசைக் கலைஞர்கள் வாசித்தனர். அவர்களுக்கு முறையான பயிற்சி தேவை என்பது அப்போது உணரப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1950-ஆம் ஆண்டு அந்நாட்டில் இசை சிகிச்சைக்கான தேசிய சங்கம் உருவானது. ஒரு தொழில்துறையாக இசை சிகிச்சை வளர்ந்தது அதன் பிறகே.

மருத்துவமனைகளில் இசை இரண்டு விதமாகப் பயன்படுத்தப்படுகிறது. முதலாவது, பதிவு செய்யப்பட்ட இசையை நோயாளிக்குக் கேட்கக் கொடுப்பது. செவிலியரோ உறவினரோ இதைச் செய்யலாம். இரண்டாவது, பயிற்சி பெற்ற இசை சிகிச்சையாளர் நோயாளியுடன் அமர்ந்து நடத்தும் அமர்வு. துறை வல்லுநர்கள் இசை சிகிச்சை எனக் குறிப்பிடுவது இந்த இரண்டாவது முறையையே.

அத்தகைய அமர்வில் சிகிச்சையாளர் முதலில் நோயாளியின் அன்றைய நிலையைக் கேட்டறிகிறார். வலி எவ்வளவு, உறக்கம் எப்படி, மனத்தில் என்ன கவலை என்பதற்கேற்ப இசை அமைகிறது. நோயாளியின் மூச்சின் வேகத்துக்கு இணையாக வாசிக்கத் தொடங்கி, படிப்படியாக வேகத்தைக் குறைத்து, மூச்சையும் சீராக்குவது ஒரு முறை. சேர்ந்து பாடுவது, எளிய தாளக் கருவியை இசைப்பது, சொந்தமாகப் பாடல் புனைவது ஆகியவையும் அமர்வில் இடம்பெறலாம். நோயாளிக்கு இசைப் பயிற்சி எதுவும் தேவையில்லை.

ஆய்வுகள் கூறுவது என்ன?

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, புற்றுநோயாளிகளுக்கு இசை அளிக்கும் பயன் குறித்து 2021-ஆம் ஆண்டு விரிவான தொகுப்பாய்வை வெளியிட்டது. மொத்தம் 5,576 பேர் பங்கேற்ற 81 ஆய்வுகள் அதில் பரிசீலிக்கப்பட்டன. பெரியவர்களிடம் பதற்றம், மனச்சோர்வு, வலி, களைப்பு ஆகியவை குறைய இசை உதவக்கூடும் என்பது அதன் முடிவு. பதற்றத்தை 20 முதல் 80 வரை அளவிடும் ஓர் அளவுகோலில், இசையின் துணை பெற்றவர்களுக்குச் சராசரியாக 7.73 புள்ளிகள் குறைந்திருந்தன.

ஆயினும், இந்தச் சான்றுகளில் பலவற்றின் உறுதி குறைவானது என்பதையும் அதே தொகுப்பாய்வு தெளிவுபடுத்துகிறது. மாத்திரை ஆய்வுகளில், உண்மையான மருந்து யாருக்கு, வெற்று மாத்திரை யாருக்கு என்பதை நோயாளியிடமிருந்து மறைக்க முடியும். இசையைக் கேட்பவரிடம் அதை மறைக்க இயலாது. எனவே எதிர்பார்ப்பினால் விளைந்த நன்மை எது, இசையினால் விளைந்தது எது என்று பிரிப்பது கடினமாகிறது. குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் 7 மட்டுமே என்பதால் அவர்களைப் பற்றிய முடிவுகள் இன்னும் குறுகியவை.

தனி ஆய்வுகளும் கவனத்துக்குரியவை. தம் உடலிலிருந்தே எடுக்கப்பட்ட ஸ்டெம் செல்களை மீண்டும் செலுத்திக்கொள்ளும் கடினமான சிகிச்சைக்காக மருத்துவமனையில் தங்கியிருந்த 69 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2003-இல் வெளியானது. வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களைவிட, இசை சிகிச்சையும் பெற்றவர்களின் மன உளைச்சல் அளவு 37 சதவீதம் குறைவாக இருந்தது.

அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கமும் ஒருங்கிணைந்த புற்றுநோயியல் சங்கமும் இணைந்து 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சிகிச்சையின்போது பதற்றத்துக்கு உள்ளாவோருக்கு அளிக்கத்தக்க துணை முறைகளுள் யோகா, தளர்வுப் பயிற்சி ஆகியவற்றோடு இசை சிகிச்சையும் இடம்பெற்றுள்ளது.

உடலில் நிகழ்வது என்ன?

அச்சத்தின்போது உடல் ஆபத்தை எதிர்கொள்ளும் நிலைக்குச் செல்கிறது. இதயம் விரைவாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, மூச்சு மேலோட்டமாகிறது. இந்நிலையில் சிறிய வலியும் பெரிதாகத் தோன்றும். மெதுவான, சீரான இசை மூச்சையும் தசைகளையும் தளர்த்தும்போது இந்தச் சுழற்சி பலவீனமடைகிறது.

கவனமும் இதில் பங்கு வகிக்கிறது. வலியை உணர்த்தும் சமிக்ஞைகளை மூளை அப்படியே ஏற்பதில்லை. கவனம், மனநிலை, நினைவு ஆகியவற்றுக்கேற்ப கூட்டியோ குறைத்தோ உணர்கிறது. விருப்பமான இசை கவனத்தை ஈர்ப்பதோடு, மூளையில் மகிழ்வுணர்வோடு தொடர்புடைய டோபமைன் சுரப்பதற்கும் காரணமாகிறது.

தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெறுபவரின் நிலை இதை விளக்கும். முகத்தை அசையாமல் இருத்தும் இறுக்கமான முகமூடியுடன், யாருமற்ற அறையில் அவர் சில நிமிடங்கள் தனித்துப் படுத்திருக்க வேண்டும். அசையவோ பேசவோ இயலாத அந்நேரத்தில், அவரே தேர்ந்தெடுத்த ஒரு பாடல் ஒலிபெருக்கியில் கேட்பது, நேரம் நகர்கிறது என்பதை உணர்த்தும் துணையாக அமையும். எத்தனை பாடல்கள் முடிந்தால் சிகிச்சையும் முடியும் என்பதை அவரால் கணக்கிட முடியும்.

எந்த இசை ஏற்றது?

‘இந்த நோய்க்கு இந்த ராகம்’ என்ற பட்டியல்கள் பரவலாகக் காணப்படுகின்றன. குறிப்பிட்ட ஒரு ராகம் புற்றுநோய்க் கட்டியைச் சுருக்கும் என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. எல்லோருக்கும் பொருந்தும் இசை என்றும் ஒன்று கிடையாது. ஒருவருக்கு பக்திப் பாடல் ஆறுதல் தரும். இன்னொருவருக்கு அது இறுதிச் சடங்கை நினைவூட்டக்கூடும். பழைய திரைப்பாடல் ஒருவரை மகிழ்விக்கும். துணையை இழந்த மற்றொருவரை அழவைக்கும். ஆகவே தேர்வு நோயாளியுடையதாகவே இருக்க வேண்டும். உடலின் மீதான முடிவுகள் பெரும்பாலும் பிறர் கையில் இருக்கும் காலத்தில், எதைக் கேட்பது, எப்போது நிறுத்துவது என்ற உரிமை நோயாளியிடம் இருப்பதே ஒரு பயன்தான்.

கவனிக்க வேண்டியவை

இசை பக்கவிளைவு அற்றது என்று பொதுவாகக் கூறப்பட்டாலும், புற்றுநோயாளிகள் சிலவற்றில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தலை, கழுத்து, கருப்பைவாய், நுரையீரல் புற்றுநோய்களுக்கு அளிக்கப்படும் சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து, சிலருக்குக் காதில் இரைச்சலையும் கேட்கும் திறன் குறைவையும் ஏற்படுத்தும். அவர்கள் ஒலியளவைக் குறைத்தே வைக்க வேண்டும்; காதில் மாற்றம் தெரிந்தால் மருத்துவரிடம் கூற வேண்டும்.

கீமோதெரபியின்போது குமட்டல் ஏற்பட்டால், அவ்வேளையில் கண்ட காட்சி, நுகர்ந்த மணம் ஆகியவற்றோடு அதை மூளை இணைத்துக்கொள்வதுண்டு. கேட்ட பாடலும் அவ்வாறு இணைந்துவிட வாய்ப்புண்டு. எனவே மிகவும் நேசிக்கும் பாடலை மருந்து ஏறும் நேரத்தில் திரும்பத் திரும்பக் கேட்காமல், வேறு இசையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும் நாள்களில் பிறர் பயன்படுத்திய காதொலிக் கருவிகளைத் தவிர்க்க வேண்டும். வாய்ப்புண் உள்ளவரைப் பாடுமாறு வற்புறுத்தக் கூடாது.

மாற்று அல்ல, துணை மட்டுமே

இசையை ஏற்பதால் அல்ல, அதை நம்பி மருத்துவத்தைக் கைவிடுவதால்தான் பேராபத்து விளைகிறது. குணப்படுத்தும் வாய்ப்புள்ள புற்றுநோய் இருந்தும், நிலையான சிகிச்சையை மறுத்து மாற்று முறைகளை மட்டுமே நாடியவர்களைப் பற்றிய அமெரிக்க ஆய்வு 2018-இல் வெளியானது. நிலையான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிடுகையில் அவர்களின் இறப்பு அபாயம் 2.5 மடங்காக இருந்தது. ஒரு சுற்று மருந்தைத் தள்ளிப்போடச் சொல்லும் எவரும், அவர் எந்தப் பெயரில் இயங்கினாலும், இசை சிகிச்சையாளர் அல்லர்.

இந்தியாவில் வாய்ப்பு எப்படி?

நாட்டில் இசை சிகிச்சைக்கான முறையான பயிற்சி சில நிறுவனங்களில் மட்டுமே கிடைக்கிறது. புதுச்சேரியில் உள்ள ஸ்ரீ பாலாஜி வித்யாபீடம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இதற்கெனத் தனி மையம் நடத்தி வருகிறது. நோயாளிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் பயிற்சி பெற்றவர்கள் மிகச் சிலரே. நீண்ட தொலைவு பயணித்து அரசு மருத்துவமனைக்கு வரும் ஏழை நோயாளிக்கு இத்தகைய அமர்வு எளிதில் எட்டுவதில்லை.

ஆயினும், சிகிச்சையாளர் இல்லாத இடத்திலும் இசை பயன்படும். காக்ரேன் தொகுத்த ஆய்வுகளுள் 43, பதிவு செய்யப்பட்ட இசையைக் கேட்கச் செய்யும் வகையைச் சேர்ந்தவை. நோயாளி விரும்பும் பத்துப் பதினைந்து பாடல்களைக் கைபேசியில் சேமித்து வைப்பதும், ஊசிக்கு முன்பும் உறங்கும் முன்பும் அரைமணி நேரம் அமைதியாகக் கேட்க வழிசெய்வதும் குடும்பத்தினரால் இயலக்கூடியவை. நோயாளி அமைதியை விரும்பும் நாளில் அமைதியையே அளிக்க வேண்டும்.

பதற்றமோ உறக்கமின்மையோ இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், உயிர்வாழும் விருப்பம் குறைவதாக நோயாளி கூறினாலும், இசையோடு நிறுத்திக்கொள்ளாமல் சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் உடனே தெரிவித்து மனநல ஆலோசனை பெறுவது அவசியம். வலியையும் இசையால் அடக்கிக்கொண்டு மறைக்க வேண்டியதில்லை. வலி நிவாரண மருந்தைக் கேட்டுப் பெறுவது ஒவ்வொரு நோயாளியின் உரிமையாகும்.