ஒரு லட்சம் யென் வீடு

ஒரு லட்சம் யென். ஒரு நல்ல கைபேசியின் விலை. நீகாட்டா மாகாணத்தின் யூசாவாவில் இந்தப் பணத்துக்கு அடுக்குமாடி வீடுகள் விலைக்கு வந்ததுண்டு.

1982இல் ஜோஎட்சு ஷின்கான்சென் ரயில் பாதை திறந்தது. பனிச்சறுக்கு மோகமும் எண்பதுகளில் தாறுமாறாக ஏறிய நிலவிலையும் சேர்ந்துகொள்ள, சுமார் 8,000 பேர் வாழும் மலையூரில் ஏறத்தாழ 15,000 வீடுகள் எழும்பின. மோகம் வடிந்தது, கட்டடங்கள் நின்றன. ‘மான்ஷொன்’ என்று ஜப்பானியர் அழைப்பது இப்படிப்பட்ட கான்கிரீட் அடுக்ககங்களைத்தான். மாளிகை என்று நினைத்துவிடக் கூடாது.

இவ்வளவு மலிவாக ஏன் விற்கிறார்கள்? வாங்கியவர் அங்கே தங்கினாலும் தங்காவிட்டாலும் மாதாமாதம் இரண்டு தொகை கட்ட வேண்டும். ஒன்று ‘கன்ரிஹி’: லிஃப்ட், துப்புரவு, பொது விளக்குக்கான மெயின்டனன்ஸ். மற்றொன்று ‘ஷூசென் சுமிதாதேகின்’. பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சாரம் கட்டிச் செய்யும் பெரிய பழுதுபார்ப்புக்கான சேமிப்பு. சொத்து வரி தனி. விற்றவர் பல ஆண்டு பாக்கி வைத்திருந்தால், கட்டடத்தின் வீட்டு உரிமையாளர் சங்கம் அதைப் புது உரிமையாளரிடமும் கேட்கலாம். சட்டமே அப்படித்தான்.

அதனால், பழைய மான்ஷொன் பார்க்கப் போகிறவர் பால்கனிக் காட்சியில் மயங்குவதற்கு முன் சங்கத்தின் கணக்கைக் கேட்க வேண்டும். சேமிப்பில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை பேர் பாக்கி, கடைசியாக எப்போது குழாய் மாற்றினார்கள்? பல கட்டடங்களில் முதல் விற்பனையின்போது வாங்குவோரை ஈர்க்கச் சேமிப்புத் தொகையைக் குறைவாக வைத்துவிட்டார்கள். கட்டடத்துக்கும் குடியிருப்போருக்கும் ஒருசேர வயதான பிறகு அதை உயர்த்த வேண்டியிருக்கிறது. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் எதிர்த்துக் கை தூக்கினால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

கட்டடத்தின் வயதிலும் ஒரு கோடு உண்டு: 1981 ஜூன் 1. 1978இன் மியாகி நிலநடுக்கத்துக்குப் பின் கடுமையாக்கப்பட்ட கட்டட விதி அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. பார்க்க வேண்டியது வரைபட அனுமதி கிடைத்த நாளை. 1982இல் கட்டி முடித்த வீடு என்றால் அது பழைய விதிப்படி எழுந்ததாகவும் இருக்கலாம். 1995இல் கோபே நடுங்கியபோது இந்த வேறுபாடு இடிபாடுகளில் தெரிந்தது.

சங்கமே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு பீவா ஏரிக்கரையின் யாசு நகரமே சாட்சி. 1972இல் கட்டிய மூன்று மாடி, ஒன்பது வீடுகள். பராமரிக்க ஆளில்லாமல் எல்லாரும் வெளியேறினார்கள். 2018 ஜூனில் ஒசாகா நிலநடுக்கத்துக்குப் பின் சுவர் சரிந்தது, உள்ளே ஆஸ்பெஸ்டாஸ். அன்றைய சட்டப்படி இடிக்க ஒன்பது வீட்டாரும் ஒப்ப வேண்டியிருந்தது, அது நடக்கவில்லை. கடைசியில் நகராட்சியே 2020இல் இடித்தது. ஆஸ்பெஸ்டாஸைப் பத்திரமாக அகற்றும் வேலையும் சேர்ந்து செலவு சுமார் 11.8 கோடி யென். ஒன்பதால் வகுத்தால் ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 1.3 கோடி. அந்தப் பணத்தைக் கேட்டு உரிமையாளர்களுக்கு நகராட்சி பில் அனுப்பியது.